காது முளைக்கும் இடம்



ஜப்பானியப் படக்கதை நாயகன் இனுயாஷாவின் வேடத்துக்கு வெள்ளை விக்கும் இரண்டு நாய்க்காதும் வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஊசியில் நூல் கோத்துத் தைக்கத் தெரிந்தால் போதும், தையல் மெஷின்கூட வேண்டாம். கடிதத்தின் நடுவே போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆன்லைனில் வாங்கிய காது வைத்த ஹேர்பேண்டை விக்கின் மேல் மாட்டினால் அது நெற்றிக்கு வழுக்கி வருகிறது, படம் எடுத்துப் பார்த்தால் “அந்தக் காதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை மாதிரி இருக்கிறது” என்று.

நீங்கள் கேட்ட கேள்வியைவிட இதுதான் முக்கியம். அந்தக் காதில் பெரிய குறை இருக்காது. விக்கும் சுமாராகவாவது இருக்கும். காது ஒரு பொருளாகவும் விக் ஒரு பொருளாகவும் தனித்தனியே செய்யப்பட்டு, வேடம் போடும் நாளில்தான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. தொல்லை அங்கேதான். எதிரே நிற்பவர் காதின் நுனியைப் பார்ப்பதில்லை. அது தலையில் எங்கிருந்து முளைக்கிறது என்றுதான் அவர் கண் தேடும். அந்த இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை தெரிந்துவிட்டால், மேலே எவ்வளவு அருமையான காது இருந்தும் பயனில்லை.

மேடைக்காரர்களுக்கு இது பழைய பாடம். 1981-ல் லண்டனில் அரங்கேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகத்தில் நடிகர்கள் எல்லோரும் பூனைகள். யாக் முடியில் கட்டிய அந்த விக்குகளில் காது தனியாக ஒட்டி வைத்ததாகத் தெரியாது. நெற்றியிலிருந்து எழும்பும் முடியே போய்க் காதாக முடியும். ஜப்பானில் கபுகி நாடகத்துக்கு விக் செய்பவர்கள் முடியைத் தொடுவதற்கு முன் நடிகரின் தலைக்கு அளவாகச் செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து அடித்தளம் செய்துகொள்வார்கள். அடித்தளம் செய்பவர் ஒருவர், அதன்மேல் ஏறும் முடியைச் சீவி அலங்கரிப்பவர் வேறொருவர். இரண்டும் அங்கே தனித்தனித் தொழில். நமக்குச் செப்பு வேண்டாம், ஆனால் அந்த வரிசை வேண்டும். முதலில் தலை, அப்புறம் தொப்பி, அப்புறம் காதின் கால், கடைசியில்தான் முடி.

பாத்திரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூமிகோ தகாஹாஷி 1996-ல் எழுதி வரையத் தொடங்கி 2008 வரை கொண்டுபோன கதை, 56 தொகுதிகள். அப்பா நாய்ப் பிசாசு, அம்மா மனிதப் பெண். ஆகவே இனுயாஷாவுக்கு மனித உடம்பு, உச்சியில் இரண்டு நாய்க்காது. மிருகக் காது வைத்த பாத்திரம் எதை எடுத்தாலும் ஒரு சங்கடமான கேள்வி வரும்: மேலே இரண்டு காது இருக்கிறதே, அப்படியானால் பக்கத்தில் இருக்கும் மனிதக் காது என்ன ஆயிற்று? தகாஹாஷி இரண்டு பக்கமும் நீளமான முடிக்கற்றையைத் தொங்கவிட்டு அந்த இடத்தை மூடிவிட்டார். உங்களுக்கும் அதுவே வழி. உங்கள் சொந்தக் காது வெளியே தெரிந்தால் நாலு காது ஆகிவிடும். விக் வாங்கினாலும் செய்தாலும், காதுக்கு முன்னால் இருபக்கமும் முடி அடர்த்தியாக, மார்பு வரை விழும்படி இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் நீள விக்குகளில் பெரும்பாலும் இந்த இடம்தான் சொட்டையாக இருக்கும்.

விக்குக்கு என்ன முடி? மூன்று வழி இருக்கிறது, ஒன்றை உடனே தள்ளிவிடலாம். மனித முடி வேண்டாம். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக இறங்கும் முடி உலகம் முழுக்க விக்காகப் போகிறது என்பது உண்மை. ஆனால் கறுப்பு முடியைச் சாயம் போக்கி வெள்ளிநிறம் வரைக்கும் வெளுப்பதற்குள் அது வைக்கோலாகிவிடும், விலையும் கட்டாது. சென்னைப் புழுக்கத்தில் அரை நாளில் வடிவமும் கலைந்துவிடும்.

இரண்டாவது, உல்லன் நூல். பெயர்தான் உல்லன். கடைகளில் சல்லிசாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், நமக்கு வேண்டியதும் அதுதான். சந்தேகமிருந்தால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். அக்ரிலிக் உருகிச் சுருண்டு நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி கட்டும். அசல் கம்பளி, முடி பொசுங்கும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் என்று தெரிந்தபின் நூலை வெட்டி, முறுக்கைப் பிரித்து, நாய்க்குச் சீவும் கம்பிப் பிரஷ்ஷால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சீவிக்கொண்டு வாருங்கள். நூல் தன் முறுக்கை விட்டுப் பஞ்சு முடியாகப் பிரியும். ஹேர் ஸ்ட்ரெய்ட்னரை மிகக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் நேராகப் படிந்துவிடும். ஒரு முனையைத் துணி நாடாவில் பரப்பித் தைத்தால் முடிச்சரம் தயார்.

வேலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் இனுயாஷாவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவன் முடி இடுப்பு வரை. அந்த நீளத்தில் நூல்முடி கழுத்தை இழுக்கும் கனம் வரும், உட்கார்ந்து எழுந்தாலே சிக்கு விழும். தோள் வரை முடி உள்ள பூனைப் பெண், நரிப் பையன், பள்ளி ஆண்டு விழாவில் சிங்கமாக நிற்கப்போகும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, இவர்களுக்கு உல்லன் நூலைவிடச் சிறந்தது இல்லை. ஆண்டு விழாக்களுக்கு வேடம் தைத்துக் கொடுக்கும் நானே அதைத்தான் எடுப்பேன்.

ஆகவே உங்களுக்கு மூன்றாவது வழி, செயற்கை இழை. ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் தயாரித்துவரும் கனேகலான் இந்த வகையில் பெயர் பெற்றது. இப்போது சூடு தாங்கும் இழை என்று தனியாகவும் விற்கிறார்கள். வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சூடு தாங்காத இழையில் ஸ்ட்ரெய்ட்னரை வைத்தால் ஒரே நொடியில் கருகி ஒட்டிக்கொள்ளும். அதற்கு வெந்நீர்தான். சூடு தாங்கும் இழைக்கும் முதலில் பிடரிக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கற்றையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சூட்டில் இளகும் இழை குளிரும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். ஆகவே சூடாக்குவதைவிட ஆறவிடுவதில்தான் பொறுமை வேண்டும். கற்றையை வேண்டிய வளைவில் பிடித்து, சூடு காட்டி, முழுக்க ஆறும்வரை கையை எடுக்காதீர்கள்.

இடுப்பு வரை நீளமுள்ள வெள்ளை விக் ஒன்றும், அதே நிறத்தில் தனி முடிச்சரம் ஓரிரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளையாக விட்டுவிடவும் வேண்டாம். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் வெள்ளை முடி ஒரே பஞ்சுப் பொதியாகத் தெரியும், இழை இழையாகப் பிரியாது. உள்ளடுக்கில் மட்டும் வெளிர் சாம்பல் பூசினால் ஆழம் வந்துவிடும். தலைமுடிச் சாயம் இதில் ஏறாது. அது முடியின் புரதத்தில் வேலை செய்யும் சரக்கு, இதுவோ பிளாஸ்டிக். சாம்பல் நிறப் பெர்மனென்ட் மார்க்கரின் மைக்குச்சியை உருவி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மெல்லத் தெளியுங்கள். மொட்டை மாடியில் செய்யுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், வாடையும் தலையைச் சுற்றவைக்கும்.

தலைக்கு அளவெடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெற்றியில் முடி தொடங்கும் இடம், காதுக்கு மேல், பிடரிக்குழி என்று டேப்பைச் சுற்றி அளவு எடுங்கள். கடையில் விற்கும் தெர்மாகோல் தலை பெரும்பாலும் நம் தலையைவிடச் சின்னது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அதன்மேல் சுற்றி, உங்கள் அளவு வரும்வரை பருமனாக்கி, செலோ டேப் போட்டு இறுக்குங்கள். இதைச் செய்யாமல் தெர்மாகோலிலேயே வைத்துக் காதைத் தைத்தால், உங்கள் தலையில் மாட்டும்போது தொப்பி விரிந்து இரண்டு காதும் ஆளுக்கொரு பக்கம் சாயும். இன்னொன்று, ஃபெவிக்கால் எஸ்ஆர் வகைப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், குளூ கன்னின் சூடும் அதை உருக்கும். புடவைத் துணி அதற்கும் காப்பு.

இனி காது. இங்கே நிதானமாகப் போவோம்.

படத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நாயைப் பாருங்கள். ராஜபாளையம் நாய் உதவாது, அதன் காது மடிந்து தொங்கும். நம் தெருக்களில் பொமரேனியன் என்று எல்லோரும் சொல்கிற வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்தான் வேண்டும், பக்கத்து வீட்டிலாவது ஒன்று இருக்கும். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அதன் காதைக் கவனியுங்கள். நாம் வரைகிறபடி அது தட்டை முக்கோணம் அல்ல. அடியில் குழலாகச் சுருண்டு, மேலே போகப்போக விரிந்து, நுனியில் மறுபடி குவிகிறது. வெளிவிளிம்பு நேராக இறங்கி வந்து, அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பை மடிப்பாக மடிகிறது. பூனைக்கும் அந்த மடிப்பு உண்டு. உள்விளிம்பிலிருந்து நீள முடிகள் கிளம்பிக் குழியின் குறுக்கே சாய்ந்து பாதியை மறைக்கின்றன. முக்கியமாக, காது மண்டையில் ‘வைக்கப்பட்டு’ இருப்பதில்லை. கன்னத்து முடியும் உச்சி முடியும் ஏறி வந்து அடியைச் சூழ்ந்துகொள்கின்றன, எங்கே தலை முடிந்து எங்கே காது தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது அந்த விரல் வைக்க முடியாத இடம்தான்.

சார்ட் பேப்பரில் தொடங்குங்கள். நாலு அங்குல உயரம், அடியில் மூன்று அங்குல அகலம், பெரியவர்கள் தலைக்கு இது தொடக்க அளவு. இரண்டு காகிதக் காதையும் விக்கில் டேப்பால் ஒட்டி, தலையில் மாட்டி, ஆறடி தள்ளி நின்று யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி பொய் சொல்லும், போட்டோ சொல்லாது. இரண்டு காதும் ரொம்ப நெருங்கினால் முயலாகிவிடுவீர்கள், ரொம்ப விலகினால் கரடி. உச்சிக்கும் உங்கள் சொந்தக் காதுக்கும் நடுவழியில், முன்நெற்றி முடிக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் துளி முன்பக்கமாகவும் சாய்ந்து நின்றால்தான் நாய். இடம் சரி என்று தோன்றியதும் சாக்பீஸால் விக்கின் தொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டில் இரண்டு மில்லிமீட்டர் கனம் போதும். காகித அளவை வைத்து ஒன்றை வெட்டுங்கள், மற்றொன்றைக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் வலது காதாகிவிடும். அடியின் நடுவில் ஒரு அங்குலம் மேல்நோக்கிக் கீறி, கீறிய இரு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று அரை அங்குலம் ஏற்றி ஒட்டினால் தட்டை ஷீட் குழியாகிவிடும். ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி வாங்கி, விளிம்பை ஒட்டி உள்பக்கமாக வளைத்து ஒட்டுங்கள். கம்பியின் இரண்டு முனையையும் காதோடு நிறுத்திவிடாதீர்கள். அடிக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு, ஒவ்வொரு முனையையும் வட்டமாக மடித்துப் பாதம் செய்யுங்கள். கடைக் காதில் இல்லாதது இந்தப் பாதம்தான். முனை தலையில் குத்தாமல் இருக்க அதன்மேல் துணி நாடா சுற்றிவிடுங்கள்.

வெளித்தோலுக்கு ஃபர் துணி எடுப்பவர்கள் செய்கிற வழக்கமான காரியம், கத்திரியை எடுத்து மேலிருந்து வெட்டுவது. முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு விளிம்பு மொட்டையாக நிற்கும். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத் துணியை மட்டும் கட்டர் பிளேடால் கீறி, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பிரிக்க வேண்டும். முடி அடியிலிருந்து நுனிக்குப் போகும்படி துணியின் வாட்டத்தைத் தடவிப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆனால் உங்களிடம் தனியாக வாங்கிய முடிச்சரம் இருக்கிறதே, ஃபர் துணியே எதற்கு? ஃபர் துணியின் வெள்ளையும் விக்கின் வெள்ளையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு. விக்கின் அதே இழையையே காதுக்கும் போட்டுவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. ஃபோம் காதின்மேல் முதலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை ஒட்டுங்கள். முடிச்சரத்திலிருந்து ஒரு அங்குல நீளத்துக்கு இழைகளை வெட்டி, சிறு சிறு கற்றையாக விசிறிபோல் பரப்பி, வேர்ப்பக்கத்தைப் பசையில் படியவைத்து ஒட்டிக்கொண்டு வாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம். ஓலைக்கூரை வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார். முதல் வரிசையின் கட்டை அடுத்த வரிசை மறைத்துக்கொண்டே போகும். காதிலும் முடியின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே, அதாவது காதின் நுனியில், தொடங்கி அடிக்கு இறங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு வரிசையின் பசையும் பல்லிளிக்கும். விக்கின் தொப்பியில் புதிதாக முடிச்சரம் தைப்பதானாலும் இதே கணக்குத்தான். அங்கே முடி கீழ்நோக்கி விழுகிறது, ஆகவே பிடரியில் தொடங்கி உச்சிக்கு ஏற வேண்டும்.

உள்பக்கத்துக்கு இளஞ்சிவப்புத் துணி. சாட்டின் வேண்டாம், மினுக்கும். மங்கலான பருத்தியோ மெல்லிய பனியன் துணியோ போதும். குழியின் ஆழத்தில் கொஞ்சம் பழுப்பு வண்ணம் தடவி நிழல் காட்டுங்கள். உள்விளிம்பில், ஸ்பிட்ஸ் நாயில் பார்த்தீர்களே, அந்த நீள முடிகளை நாலைந்து கற்றையாக ஒட்டி, குழியின் குறுக்கே சாயவிடுங்கள். போட்டோவில் காதுக்கு உயிர் கொடுப்பது இந்த நாலைந்து கற்றைதான், அரைமணி நேர வேலை.

பொருத்துவதற்கு முன் ஒரு சின்ன யாத்திரை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காளி, குரங்கு, கரடி, குறவன் குறத்தி என்று ஆயிரக்கணக்கில் வருவார்கள். அது நேர்த்திக்கடன், நாம் செய்வது விளையாட்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச மாட்டேன். ஆனால் கைவேலை என்று பார்த்தால் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அவ்வளவு பெரிய சடைமுடியையும் கிரீடத்தையும் தாங்கி நாளெல்லாம் ஆடுகிறார்கள், விழுவதில்லை. தெருக்கூத்துக்காரர்களிடமும் இதே நுணுக்கம் உண்டு: முதலில் தலையைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, பாரத்தை அந்தத் துணியில்தான் பிணைப்பார்கள். முடியில் எதுவும் தொங்குவதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். விக்கின் தொப்பி மெல்லிய வலை, காதின் கனத்தைத் தனியாகத் தாங்காது. டெய்லர் சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணியில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு வாங்கி, சாக்பீஸ் குறிக்கு நேர் கீழே தொப்பியின் உள்பக்கமாக வைத்துத் தையுங்கள். காதின் கம்பிப் பாதங்களை முடிச்சரங்களின் அடியில் நுழைத்து, தொப்பியையும் கேன்வாஸையும் சேர்த்துப் பிடித்துத் தையுங்கள். முன்னால் ஒரு பாதம், பின்னால் ஒரு பாதம், நடுவில் ஃபோமின் அடிவிளிம்பில் ஒரு தையல். ஒரே இடத்தில் தைத்தால் காது கதவாகச் சுழலும். குளூ கன்னை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். வெயிலில் நிற்கும்போது அந்தப் பசை இளகும், தொப்பியை மடித்து வைக்கும்போது விறைத்து உதிரும். நூல்தான் நிற்கும்.

கடைசியாக, முளைக்கும் இடத்தை மூடுவது. காதின் அடியைச் சுற்றியிருக்கும் விக்கின் முடிச்சரத்திலிருந்து மெல்லிய கற்றைகளை மேல்நோக்கித் தூக்கி, காதின் கீழ் அரை அங்குலத்தில் படியவைத்து ஒட்டுங்கள். முன்பக்கம் சற்று அதிகமாக, பின்பக்கம் குறைவாக. நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதைக் காதின் முடியோடு சேர்த்துக் கத்திரி நுனியால் கொத்திக் கொத்தி வெட்டுங்கள், நேர்கோடாக வெட்டவே கூடாது. முன்நெற்றி முடியையும் அப்படித்தான் வெட்ட வேண்டும், அதையும் தெர்மாகோலில் அல்ல, உங்கள் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால். வேண்டும் என்று தோன்றுவதைவிட ஒரு அங்குலம் நீளமாகவே விடுங்கள். இந்த முடி மறுபடி வளராது.

உங்களுக்கு இடுப்பு வரை முடி இருக்கிறது, அதை எங்கே ஒளிப்பது என்று கேட்டீர்கள். கொண்டை போட்டால் விக் தூக்கிக்கொண்டு நிற்கும், காது வானத்தைப் பார்க்கும். இரண்டு தளர்ந்த பின்னலாகப் போட்டு, தலையின் பின்புறத்தில் ஒன்றோடொன்று மேலேறாமல் தட்டையாகச் சுற்றி, நிறைய ஹேர்பின் குத்துங்கள். அதன்மேல் வலைத்தொப்பி, அதன்மேல் விக். முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய்த் தலையில் எந்த டோப்பாவும் நிற்காது. விக்கின் உள்ளே நெற்றியோரத்திலும் பிடரியிலும் டிக்டாக் கிளிப் நாலு தைத்து, அவற்றை உங்கள் முடியில் மாட்டுங்கள். அப்புறம் சாமியாடிப் பாருங்கள். காது ஆடலாம், இடம் மாறக் கூடாது.

சிக்கு எப்போதும் பிடரியில், சட்டைக் காலர் உரசும் இடத்தில்தான் விழும். பையில் பெரிய பல் சீப்பும், துணிக் கண்டிஷனர் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் ஸ்ப்ரேயும் இருக்கட்டும். நுனியில் தொடங்கி மேலே சீவுங்கள். விக் போட்டபின் அடுப்படிப் பக்கமோ குத்துவிளக்குப் பக்கமோ போகவே கூடாது. இழை உருகித் தோலில் ஒட்டும், மேலே ஹேர் ஸ்ப்ரே வேறு அடித்திருப்பீர்கள்.

வீட்டில் “காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு இதென்ன கோமாளித்தனம்” என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் தன் நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் வருங்கால மனிதர்களின் உடையைத் தானே தைத்து, இருவரும் போட்டுக்கொண்டு போனார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கிற இந்த வேடக்கூத்துக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். வழக்கம்போலப் பேர் என்னவோ ஆக்கர்மனுக்குத்தான் அதிகம் கிடைத்தது, ஊசி பிடித்தவரைப் பலர் மறந்தே போனார்கள். அம்மா சமாதானமாகாவிட்டாலும் அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தலையாட்டுவார் என்று நினைக்கிறேன். இந்தியாவில் 2011-ல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் என்ற படக்கதைத் திருவிழா 2024-ல்தான் சென்னைக்கு வந்தது. வேடப் போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணமிருந்தால் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைவேலைக்குப் பரிசு தரும் இடங்களில் நடுவர்கள் விக்கைத் திருப்பி உள்ளே பார்ப்பார்கள், எப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். கேன்வாஸ் துண்டைக் காட்டுங்கள்.

வேலை முடிவதற்குள் நாள் நெருங்கிவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் தோழி கேட்டாராமே. அதற்கும் கதையிலேயே வழி இருக்கிறது. அமாவாசை இரவில் இனுயாஷாவின் பிசாசுச் சக்தி போய்விடும், முழு மனிதனாகிவிடுவான். அப்போது முடி கறுப்பு, நாய்க்காதும் கிடையாது. இடுப்பு வரை உள்ள உங்கள் சொந்த முடியை விரித்துவிட்டு, சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். கதை தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள், தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோவீர்கள்.

வாலைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இனுயாஷாவுக்கு வால் கிடையாது, அந்தச் செலவு மிச்சம். அவன் அண்ணன் செஷோமாரு தோளில் போட்டிருக்கும் அந்த வெள்ளை ரோமப் பொதியைச் செய்ய உங்கள் தம்பி ஆசைப்பட்டால் தனியாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஃபர் துணி மீட்டர் கணக்கில் ஆகும், அப்பாவிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்